பழுப்பு வளையம்

குமுதாவுக்குப் பழுப்பு நிறம் என்றால் உயிர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் உடுத்துவதெல்லாம் நீலமும் பச்சையும்தான். ஆனால் பதினோரு வருடமாக அவளுக்குச் சோறு போடுவது ஒரு பழுப்பு. பெட்டாலிங் ஜெயாவில், கார் கண்ணாடி மாற்றும் கடைக்கு மேல்மாடியில், பெயர்ப்பலகை சிறிதாக இருக்கும் ஒரு தனியார் ஆய்வகம். ஆஸ்பத்திரிகளில் வெட்டி எடுக்கும் கட்டிகளெல்லாம் அங்கே வரும். அவற்றை மெழுகில் புதைத்து, தலைமயிரை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது அவள் வேலை.

மார்பகப் புற்றுக்கு என்று ஒரு சாயம் உண்டு. சில கட்டிகளில் அது பிடிக்கும், பலவற்றில் பிடிக்காது. பிடித்துவிட்டால் ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும் ஒரு பழுப்பு வளையம் விழும். வளையங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கோழிக்கூண்டின் கம்பிவலை போலத் தெரியும். அதற்கு டாக்டர் மூன்று மதிப்பெண் போடுவார். வளையமே விழாவிட்டால் பூஜ்யம். மூன்று வாங்கிய பெண்ணுக்கு ஒரு மருந்து காத்திருக்கிறது. பூஜ்யம் வாங்கியவளுக்கு அந்த மருந்தின் கதவு சாத்தியாயிற்று.

கல்யாணமான புதிதில் கார்த்திகேசு ஒருநாள் கேட்டான். அவன் ரயில் நிலையங்களில் டிக்கெட் வாயில்களைப் பழுது பார்ப்பவன்.

"அப்படி என்னத்த லா அந்தக் கண்ணாடியில பாக்குற நாள் பூரா?"

"உன் டிக்கெட் கேட்டு மாதிரிதான். செல்லோட தோலுல ஆயிரக்கணக்குல கேட்டு நிக்குது. ரிசெப்டர்னு பேரு. வெளியில இருந்து சேதி தூக்கிக்கிட்டு ஒண்ணு வரும், அது லிகண்ட். நீ தட்டுற கார்டுன்னு வச்சுக்க. சரியான கார்டு சரியான கேட்டுல பட்டாத்தான் வேலை நடக்கும்."

"கார்டு உள்ள போயிருமா?"

"போகாது. வெளியவே நிக்கும். அது பட்டதும் பக்கத்துல இருக்குற ரெண்டு கேட்டு ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கும். கோத்ததும் உள்பக்கம் தொங்குற வாலு முழிச்சுக்கும். அது பக்கத்துல உள்ளவன்கிட்ட சொல்லும், அவன் அடுத்தவன்கிட்ட சொல்லுவான். கடைசியில நடுவுல இருக்குற பெரிய ஆபீசுக்குச் சேதி போயிரும், 'ரெண்டாப் பிரி'ன்னு."

"நீ சாயம் அடிக்கிறது எந்தக் கேட்டுக்கு?"

"ஹெர்-டூ. அதுக்குன்னு ஒரு கார்டே கிடையாது. இன்னிக்கு வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல. அது எப்பவும் கைய நீட்டிக்கிட்டே நிக்கும். பக்கத்து கேட்டுக்குக் கார்டு வந்தா அதோட கையக் கோத்துக்கும். எண்ணிக்கை அளவு மீறிப் போச்சுன்னா யாரு வந்தாலும் வராட்டியும் தங்களுக்குள்ளயே கோத்துக்கிட்டு 'பிரி பிரி'ன்னு கத்திக்கிட்டே இருக்கும். செல்லும் பிரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

"கார்டு இல்லாம தெறக்குற கேட்டா? நாங்கன்னா உடனே சிவப்பு டேப் ஒட்டி மூடிருவோம்."

"அந்த டேப்புதான் மருந்து. நீட்டுன கையில போய் ஒட்டிக்கிட்டுக் கோக்க விடாது. ஆனா ஒட்டுறதுக்குக் கை இருக்கணும். இருக்கா இல்லையான்னு நான்தான் பாத்துச் சொல்றேன்."

"அப்ப நீ பெரிய ஆளுதான்," என்றான் கார்த்திகேசு. அவள் சிரித்தாள். சுங்கை பூலோவில் லோரி ஓட்டியவரின் மகளுக்கு அந்தப் பேச்சு இனித்தது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் சத்தம் கேட்கும் ஏழாம் மாடி வீட்டில் அவர்கள் ஏழு வருடம் இரண்டு பேராகவே இருந்தார்கள். இரண்டு முறை வயிற்றில் தங்கியது. இரண்டு முறையும் பத்தாவது வாரத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியில் எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது அவள் வேலை செய்யும் ஆய்வகத்துக்கே வந்தது. குப்பியின் மேல் தன் பெயரை அவள் பார்த்துவிடக் கூடாது என்று கூட வேலை செய்யும் ஷஹானா அதை எடுத்துத் தன் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் குமுதா பார்த்துவிட்டாள்.

அந்த வருடக் கடைசியில், தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். நாற்பத்தெட்டு நாள் விரதம். மஞ்சள் துணி, தரையில் படுக்கை, ஒருவேளைச் சோறு. வேண்டுதலுக்குள் இன்னொன்றையும் அவளாகவே சேர்த்துக்கொண்டாள். கவிச்சி தின்னாதவள் சதையையும் வெட்டக் கூடாது. மெழுகில் புதைந்த பிறகு அது வெறும் மெழுகுதான், அதைச் சீவலாம். ஆனால் பச்சையாக வரும் உறுப்பைக் கத்தி வைத்துத் திறப்பதில்லை. இப்படி ஒரு கட்டுப்பாட்டை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அம்மா சொல்லவில்லை, கோயில் ஐயர் சொல்லவில்லை.

ஷஹானாதான் சிரித்தாள். "வைரஸே நுழையாத கிளவ்ஸுக்குள்ள தீட்டு நுழைஞ்சிருமாடி?"

"ஏழு வருசமாக் கேக்குறேன் ஷஹானா. இந்த ஒண்ணுல கெட்டுப் போயிறக் கூடாது."

"சரி லா, வெட்டுறத நான் பாத்துக்கிறேன். எனக்கு நோன்பு வரும்போது உன் மசால்வடைய என் மூஞ்சிக்கு முன்னால ஆட்டாம இரு, அது போதும்."

நாற்பத்தாறு நாள் ஷஹானா பார்த்துக்கொண்டாள். நாற்பத்தேழாம் நாள் வெள்ளிக்கிழமை. அந்த முறை தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் திங்களும் விடுமுறை. ஷஹானா கிள்ளானில் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் நாலரைக்கே கிளம்பிவிட்டார்கள். ஐந்தே கால் மணிக்கு கூரியர்காரர் கிள்ளானில் இருந்து ஒரு வெள்ளை வாளியும் ஒரு சிறு குப்பியும் கொண்டுவந்து வைத்தார். வாளியில் ஒரு முழு மார்பகம். குப்பியில் அதே பெண்ணின் அக்குளில் இருந்து எடுத்த நிணநீர்க் கணுக்கள் இரண்டு, ஒவ்வொன்றும் கச்சான் கொட்டை, அதாவது நிலக்கடலை அளவு.

முழு மார்பகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது ஆய்வகத்தில் தரை கூட்டுபவருக்கும் தெரியும். வந்த உடனே ரொட்டி போல வில்லை வில்லையாக வெட்டித் திறக்க வேண்டும். சதை அழுகாமல் காப்பது ஃபார்மலின். அது சதைக்குள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் நுழையும். மார்பகமோ கொழுப்பு. வெட்டாமல் ஊறப்போட்டால் மேல்பக்கம் தோல் போல இறுகிக்கொள்ளும். நடுவே இருக்கும் கட்டி தானாகவே கரையத் தொடங்கும். முதலில் கரைவது உயிரணுவின் விளிம்பும் அதில் கேட்டுகளாக நிற்கும் ஏற்பிகளும்தான். அவை போய்விட்டால் பிறகு எந்தச் சாயமும் பிடிக்காது. அதனால்தான் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, 'வெட்டித் திறந்த நேரம்' என்று. பக்கத்தில் ஒரு சுருக்கக் கையெழுத்து.

குமுதா கிளவ்ஸ் போட்டாள். கத்தியைக் கையில் எடுத்தாள். மணிக்கட்டில் காப்புக் கயிறு கிளவ்ஸுக்கு மேலே மஞ்சளாகத் தெரிந்தது. மதிப்பெண் போடும் டாக்டர் சபாபதிக்கு போன் போட்டிருக்கலாம். அவர் டாமன்சாராவில்தான் இருந்தார், முணுமுணுத்துக்கொண்டே வந்திருப்பார். அவள் போடவில்லை. ஏன் என்று கேட்பார், அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. கத்தியைத் திரும்ப வைத்தாள். வாளியில் இன்னும் ஒரு லிட்டர் ஃபார்மலினை ஊற்றி மூடியை அழுத்தினாள்.

படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அதில் உள்ளதைக் கணினியில் ஏற்றாவிட்டால் அது அடுத்த பக்கத்துக்குப் போகாது. 5.40 என்று எழுதி, 'கு' போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பால்குடம் எடுத்த தோள்வலியோடு வந்து வாளியைத் திறந்தாள். நடுவில் கத்தி வைத்தபோது கட்டி சாம்பல் நிறமாக, சேறு போல நெகிழ்ந்தது. பயிற்சி டாக்டர் ஒருவர் சோதனைக்கு வேண்டிய துண்டுகளை எடுத்து வைத்துவிட்டுப் போனார். வெட்டிய நேரம் பொய் என்று குமுதா அவரிடம் சொல்லவில்லை. சாயம் ஏற்றியதும் அவள்தான். வளையம் ஒன்றுகூட இல்லை. முன்பு ஊசி குத்தி எடுத்த துண்டு புற்று என்று சொல்வதற்கு மட்டும்தான் போதுமாக இருந்தது, ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கவும் வேறு எதுவும் இல்லை. ஐந்து பேரில் நாலு பேருக்கு மூன்று வராது, இவளும் அந்த நாலில் ஒருத்தியாக இருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்யான கணக்கும் இல்லை. பெயரை மட்டும் அவள் படித்துப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் குச்சியில் இரண்டாவது கோடு விழுந்தது. கருவில் இருந்து வரும் ஒரு சேதியைப் பிடித்து நிறம் காட்டுவதுதான் அந்தக் கோடும். பத்தாவது வாரம் தாண்டியது. இருபதும் தாண்டியது. வருடக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அமுதவள்ளி என்று பெயர் வைத்தார்கள்.

போன வருடம் மே மாதம், மத்தியானம். முன்மேசைப் பெண் சாப்பிடப் போயிருந்ததால் குமுதா அங்கே உட்கார்ந்திருந்தாள். கையில் ஹெல்மெட், தொழிற்சாலைச் சட்டை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மிஸ்ஸி, இந்த சூராட்டை இங்க குடுக்கச் சொன்னாங்க."

"நான் மிஸ்ஸி இல்லண்ணே. லேப்ல வேலை."

"வெள்ளைக் கோட்டு போட்ட பொம்பளைங்க எல்லாம் எனக்கு மிஸ்ஸிதான். ஆம்பளைங்க எல்லாம் டாக்டரு." தன் பகிடிக்குத் தானே கொஞ்சம் சிரித்தார்.

கடிதத்தைப் பிரித்தாள். சீதாலெட்சுமி, வயது நாற்பத்தொன்று. மார்பகப் புற்று கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது. வேறொரு சோதனைக்காகப் பழைய கட்டி புதைந்த மெழுகு புளோக்கைக் கணவர் பழனியப்பன் கையில் கொடுத்தனுப்பவும். கீழே ஆய்வக எண். எண்ணிலேயே வருடமும் நாளும் இருந்தன.

"எப்பண்ணே ஆபரேஷன் செஞ்சீங்க?" தெரிந்துகொண்டே கேட்டாள்.

"ரெண்டு வருசம் முன்ன, தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. டாக்டருக்கே லீவுல போற அவசரம். அவ தைப்பூசத்த வார்டு டிவியிலதான் பாத்தா. நான் பக்கத்துல உக்காந்து, அடுத்த வருசம் காவடி தூக்குறேன்னு வேண்டிக்கிட்டேன். தூக்கவும் தூக்கிட்டேன்." சட்டைப் பையில் எதையோ தேடுவது போலக் கையை விட்டு எடுத்தார். "பங்லிமா காராங்ல எங்க ஃபேக்டரி கிலாங்குல ஒரு மலாய்க்கார அக்கா இருக்கு. அதுக்கும் இதே சீக்குதான். என்னமோ ஊசி போட்டாங்க, ஒம்போது வருசமா ஓவர்டைம் செஞ்சுக்கிட்டு இருக்கு. நான் கேட்டேன், எங்காளுக்கும் அதப் போடுங்கன்னு. இவங்களுக்கு அது பூஜ்யம்னுட்டாங்க. ஸ்கூல்ல பூஜ்யம் வாங்குனதெல்லாம் நான்தான் மிஸ்ஸி. அவ வாங்குனதே இல்ல."

குமுதா கடிதத்தை மடித்தாள். மடித்த இடத்திலேயே மறுபடி மடித்தாள்.

"புளோக்க ஸ்டோர்ல தேடி எடுக்கணும். ரெண்டு நாள் கழிச்சு வாங்கண்ணே."

தேட இரண்டு நிமிடம் போதும். அவர் மாடிப்படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் போய் எடுத்தாள். பழைய கண்ணாடித் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்தாள். கட்டியின் நடுவில் உயிரணுக்கள் மை ஊறிய காகிதம் போலக் கலங்கிக் கிடந்தன. கரு எது, விளிம்பு எது என்று பிரியவில்லை. வளையம் விழுந்திருந்தால்தான் அதிசயம். நிற்க விளிம்பே இல்லாத இடத்தில் ஏற்பி எங்கே நிற்கும்?

கணுக்கள் இருந்த புளோக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அன்றைக்குச் சிறு குப்பியில் வந்தவை. கச்சான் கொட்டைக்குள் ஃபார்மலின் போய்ச் சேர ஓர் இரவுகூட வேண்டாம். அவற்றிலும் புற்று இருப்பதாக அறிக்கை சொன்னது. அதற்கு ஹெர்-டூ சாயம் யாரும் ஏற்றவில்லை. பெரிய கட்டிக்கு ஏற்றியாயிற்றே. சீதாலெட்சுமிக்கு அந்த மருந்து உண்டா இல்லையா என்ற பதில் இரண்டே கால் வருடமாக இந்த இழுப்பறையில் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து, குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கார்த்திகேசுவிடம் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குழந்தையின் வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்தான்.

"சும்மா நீயே அந்தச் சாயத்தப் போட்டுப் பாத்துரேன். யாருக்குத் தெரியும்?"

"மெஷின்ல வைக்க டாக்டர் கையெழுத்து வேணும். காரணம் எழுதணும். ஃபார்ம்ல எல்லாம் ஒழுங்கா இருக்கு. வெட்டுன நேரம் இருக்கு, என் இனிஷல் இருக்கு. அது பொய்யின்னு சொன்னாத்தான் திரும்பப் பண்ண முடியும்."

"சொன்னா வேலை போயிரும் லா."

"ம்."

"இது பொறந்ததே அந்த விரதத்துலதான்." குழந்தையின் தலையைத் தொட்டான். "நீ போய் அதத் தப்புன்னு சொல்லணுமா?"

அவள் ஊட்டிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. அவளுக்குள் மத்தியானத்தில் இருந்து உட்கார்ந்திருந்த பயத்தைத்தான் அவன் எடுத்து வெளியே வைத்தான். தவறு என்று வாய்விட்டுச் சொன்னால், கொடுத்தவன் திருப்பிக் கேட்பானோ? படித்தவள்தான். நாள் பூராவும் நுண்ணோக்கி பார்ப்பவள்தான். இருந்தாலும் அந்தப் பயம் போகவில்லை. குழந்தை கரண்டியைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டது.

மறுநாள் டாக்டர் சபாபதியின் அறைக்குள் போனபோது அவர் மருமகன் அனுப்பிய ஏதோ வீடியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வா குமுதா. ஏன் நிக்கிற, உக்காரு."

"ஒரு கேஸுக்கு லிம்ஃப் நோட் கணுவுல ஹெர்-டூ போடணும் டாக்டர்."

எண்ணைத் தட்டிப் பார்த்தார். "இதான் பூஜ்யம் குடுத்து முடிச்சாச்சே. காரணம் இல்லாம ரெண்டாவது தடவ பண்ணா ஆடிட்ல உரிச்சிருவாங்க. ஏன்?"

"அந்த ஸ்பெசிமன நான் வெட்டல டாக்டர். அஞ்சு நாப்பதுன்னு எழுதினது பொய். செவ்வாக்கிழமை வரைக்கும் முழுசாவே கிடந்துச்சு."

வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போனைக் குப்புறக் கவிழ்த்தார்.

"ஏன்?"

"தைப்பூச விரதம். சதையில கத்தி வைக்கக் கூடாதுன்னு... நானா வச்சுக்கிட்டது."

"எனக்கு ஒரு போன் அடிக்க என்ன?" குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நான் பெரிய பக்தன் இல்ல குமுதா. ஆனா சிரிச்சிருக்க மாட்டேன். வந்து வெட்டிக் குடுத்துட்டுப் போயிருப்பேன்."

அவள் கொண்டுவந்திருந்த பழைய கண்ணாடித் துண்டை மேசையில் வைத்தாள். அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நுண்ணோக்கியில் வைக்கவில்லை.

"அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. என்னடா இப்படிக் கலங்கிக் கிடக்குன்னு ஃபார்ம எடுத்துப் பாத்தேன். உன் இனிஷல் இருந்துச்சு. குமுதாவாச்சேன்னு அதுக்கு மேல நான் பாக்கல." துண்டைக் கீழே வைத்தார். "நான் பாத்திருக்கணும்."

படிவத்தில் கையெழுத்திட்டார். காரணம் என்ற இடத்தில் அவள் சொன்னதை அப்படியே எழுதினார். எழுதி முடித்ததும், "நீயே போட்டுக் கொண்டா. இத வேற ஆள் செய்யக் கூடாது," என்றார்.

அது தண்டனையா கருணையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கணு இருந்த புளோக்கைச் சீவினாள். முதல் இரண்டு சீவலும் கிழிந்தன. ஷஹானா பக்கத்தில் வந்து நின்றாள். மூன்றாவது முழுசாக வந்தது. இயந்திரத்துக்குள் வைத்து, முடியும்வரை இருவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஸீரோவா வந்துருச்சுன்னா?" என்றாள் ஷஹானா.

"வரட்டும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று குமுதாவுக்குப் பட்டது. பூஜ்யம் வந்தால் அவள் தப்பினாள், அந்தப் பெண்ணுக்கு மருந்து இல்லை. ஷஹானா அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

கண்ணாடித் துண்டை வெளியே எடுத்தபோது நுண்ணோக்கி தேவைப்படவில்லை. வெறும் கண்ணுக்கே தேநீர்க் கறை போலத் தெரிந்தது. வைத்துப் பார்த்தாள். பழுப்பு வளையங்கள், ஒன்றோடொன்று ஒட்டி, விளிம்பு விளிம்பாக, ஓர் உயிரணு விடாமல். பதினோரு வருடத்தில் இவ்வளவு தெளிவான கம்பிவலையை அவள் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்று விழுந்தால் பக்கத்து மேசையில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது அவள் வழக்கம்.

திருத்திய அறிக்கை அன்றைக்கே போயிற்று, ஆஸ்பத்திரி கேட்ட மெழுகு புளோக்கும் அதோடு கூரியரில் போயிற்று. சீதாலெட்சுமிக்கு அடுத்த வாரமே அந்த மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள் என்று டாக்டர் சபாபதி வந்து சொன்னார். நிர்வாகம் விசாரணை வைத்தது. அது முடியும்வரை வெட்டும் அறைக்குள் குமுதா போகக் கூடாது, முன்மேசையில் உட்கார வேண்டும்.

அங்கேதான் ஆகஸ்ட்டில் பழனியப்பன் மறுபடி வந்தார். காப்பீட்டுக்கு அறிக்கையின் நகல் வேண்டுமாம். ஹெல்மெட்டோடு ஒரு பொட்டலமும் இருந்தது.

"மிஸ்ஸி, இது உங்களுக்கு. சர்க்கரைப் பொங்கல். அவ பேர்ல அர்ச்சனை செஞ்சேன். லேப்ல யாரோ பழசத் தோண்டிப் பாத்துத்தான் கண்டுபிடிச்சாங்கன்னு டாக்டரு சொன்னாரு. நீங்களாத்தான் இருக்கும்னு நான் அவகிட்ட சொன்னேன். அன்னிக்கு உங்க மூஞ்சியே ஒரு மாதிரி ஆயிருச்சுல்ல?"

"இப்ப எப்படிண்ணே இருக்காங்க?"

"மொதோ ரெண்டு ஊசிக்குக் கண்ணுல மஞ்சள் இறங்குச்சு. எந்திரிச்சு ரசம் வச்சா. இப்பத் திரும்ப ஏறிருச்சு. கல்லீரல் ரொம்பக் கெட்டுப் போச்சாம்." பொட்டலத்தை மேசையில் நேராக்கி வைத்தார். "ரெண்டு வருசத்துக்கு முந்தியே இத ஆரம்பிச்சிருந்தா கதையே வேறன்னாரு டாக்டரு. அவ விதி. யாரக் குத்தம் சொல்றது?"

அந்த இடத்தில் ஒரு "ஆமாண்ணே" போதும். அவர் போய்விடுவார். விசாரணைத் தாள்களில் அவர் பெயர் இல்லை, அவருக்குக் கடிதம் போகப் போவதும் இல்லை.

"என்னயத்தான் குத்தம் சொல்லணும்ணே," என்றாள் குமுதா.

சுருக்கமாகத்தான் சொன்னாள். வாளி, கத்தி, காப்புக் கயிறு, 5.40. விரதம் எதற்காக என்பதையும் சொன்னாள், சொல்லாவிட்டால் அது பாதிப் பொய்யாகிவிடும் என்று தோன்றியதால்.  கேட்கக் கேட்கப் பழனியப்பனின் கட்டைவிரல் ஹெல்மெட்டின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. முன்மேசைத் தொலைபேசி அடித்து ஓய்ந்தது.

"பிள்ள பொறந்துச்சா?" என்று கேட்டார்.

"பொறந்துச்சுண்ணே."

"என்ன பிள்ள?"

"பொம்பளப் பிள்ள."

"பேரு?"

"அமுதவள்ளி."

தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை. "நானும் அன்னிக்கு அதே முருகன்கிட்டத்தான கேட்டேன்," என்றார். பிறகு, "அவகிட்ட இத யாரும் சொல்லக் கூடாது. மருந்து ஏறிக்கிட்டு இருக்கு. நம்பிக்கிட்டு இருக்கா. நம்பிக்கிட்டே இருக்கட்டும்," என்றார்.

நகலை வாங்கிக்கொண்டதற்குப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். இட்டார். ஹெல்மெட்டை அறைக்குள்ளேயே மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கதவை இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் இரண்டு முறை தடுமாறிப் போனார். பொங்கல் பொட்டலம் மேசையிலேயே இருந்தது. குமுதாவால் அதைத் தின்னவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. சாயந்தரம் ஷஹானாதான் வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

சீதாலெட்சுமி தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு இறந்தாள். குமுதா அவளை ஒருமுறையும் பார்த்ததில்லை. மே மாதம் கேட்ட அந்த வேறு சோதனையை ரத்து செய்து, மெழுகு புளோக்கைத் திருப்பி அனுப்பிய ஆஸ்பத்திரித் தாளில்தான் அவள் இறந்தது தெரிந்தது. காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்.

விசாரணை எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. மூன்று மாதத்தில் அவளை வெட்டும் அறைக்கே திருப்பி அனுப்பினார்கள், வேறு ஆள் கிடைக்கவில்லை. டிசம்பரில் ஒருநாள் கார்த்திகேசு, "இந்தத் தைப்பூசத்துக்குப் பாப்பாவுக்கு முடி எறக்குறோம்னு வேண்டியிருந்தோமே, விரதம் ஆரம்பிக்கலயா?" என்று கேட்டான். அவள் குழந்தையின் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பித்தானையும் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். 

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் ஒரு வெள்ளை வாளி வந்தது. எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். குமுதா படிவத்தில் முதலில் பெயரைப் படித்தாள், வயதைப் படித்தாள். கிளவ்ஸ் போட்டு, கத்தியை எடுத்து, சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டாகக் கடைசிவரை வெட்டித் திறந்தாள். ஃபார்மலின் ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தை எழுதினாள்.